பச்சைக் குடைக்கு நேராக

1

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். கடற்கரையில் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். என் மகள் நஸ்ரின் அந்நேரம் கடலுக்குள் இருப்பாள். பலகை மேல் குப்புறப் படுத்து, கைகளால் துழாவி உள்ளே போய், அலை வரும்போது எழுந்து நின்று அதன்மேல் சறுக்கிக்கொண்டு கரைக்கு வருவதுதான் அவள் விளையாட்டு. வயது பதினேழு. பயம் என்பது கிடையாது. அந்தக் குணம் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சிட்னிக்குத் தெற்கே இரண்டு மணி நேரம் காரில் வந்தால் எங்கள் ஊர். இங்கே குடியேறிப் பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. நகராட்சியில் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை. ஊர் முழுக்கத் தண்ணீர் விடுகிறவனுக்கு நீச்சல் தெரியாது. சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆட்டோ ஹாரன்தான் பழக்கம். அலைச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும்.

பத்தொன்பதாவது வருடம் முடிந்த அதே வாரத்தில் ஒரு சனிக்கிழமை. கடலில் நல்ல கூட்டம். ஒரு அலையை நஸ்ரின் பிடித்தாள். குறுக்கே வந்த ஒரு ஆள் பலகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று எனக்குக் கேட்கவில்லை. கையை நீட்டிக் கரையைக் காட்டியது மட்டும் தெரிந்தது. நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். இறங்கவில்லை.

அவள் வந்து, பலகையைக் கார் மேல் கட்டிவிட்டு, ஈரத்தோடு உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அத்தா, நம்ம பீச் எது?"

"ஏன்டா?"

"அந்த ஆள், உன் பீச்சுக்குப் போயி சர்ஃப் பண்ணுன்னான். அதான் கேக்குறேன். நம்மது எது?"

அலைச்சறுக்குக்காரர்களிடம் இது சகஜமாம். பக்கத்து ஊர்க்காரன் வந்தால்கூட இப்படித்தான் விரட்டுவார்களாம், அதற்கு வேறு அர்த்தம் இல்லையாம். வீட்டில் என் மனைவி சபியாவும் அப்படித்தான் சமாதானம் சொன்னாள். இருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கடலில் இருந்த நாற்பது பேரில் அவன் ஏன் இவளைப் பார்த்துச் சொன்னான் என்று இன்றுவரை எனக்கு வயிற்றெரிச்சல்.

"கடலூர்லேர்ந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் பூரா நம்ம பீச்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை.

2

இதற்கு முந்தைய இரண்டு முறையும் நாங்கள் சிதம்பரத்துக்குப் போனபோது அவள் வரவில்லை. ஒரு முறை பரீட்சை, ஒரு முறை தோழி வீட்டு விசேஷம். தமிழும் கரைந்துகொண்டே வந்தது. எல்லோரையும் 'நீ' என்பாள். இமாமிடம்கூட "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டவள். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு வேறு மாநிலம் போய்விடுவாள். அதற்கப்புறம் அவளை ஊருக்குக் கூட்டிப்போக என்னால் முடியாது, அவளாக வந்தால்தான் உண்டு.

அப்படிப்பட்டவள் மறுநாள் காலை சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடலூர்க் கரையைச் செயற்கைக்கோள் படத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விடுமுறையில் நம்ம பீச்சுக்கு வருகிறாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுக்கு நாலு நிபந்தனை. அடியில் பாறை கூடாது, மணலாக இருக்க வேண்டும். ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் கூடாது. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்க வேண்டும். நாலாவதுதான் முக்கியம்: ஆள் இருக்கக் கூடாது. ஒருத்தர்கூட.

"தேவனாம்பட்டினம் போலாமே, பெரிய பீச்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். குதிரை, பலூன், ஐஸ் வண்டி, மாங்காய் வண்டி, மணலே தெரியாத அளவுக்கு ஜனம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு வாரம் தேடி ஒரு இடத்தைப் பிடித்தாள். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால். அதன் பெயரை எழுத மாட்டேன். நல்ல அலை இருக்கும் இடத்தை வெளியே சொல்வது அவர்கள் தர்மத்தில் பெரிய துரோகமாம். சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

3

படம் சரி, அலை எப்படி என்று யார் பார்ப்பது? என் அக்கா மும்தாஜின் கணவர் பஷீர் மச்சான் கடலூர் பழைய டவுனில் இரும்பு, பெயிண்ட், கயிறு எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவரைப் பிடித்தேன். ஆண்டவன் புண்ணியத்தில் அவருக்கு எதற்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. அதில் இருக்கிற ஆபத்தை நான் மறந்துவிட்டேன்.

"இன்னா மாப்ள, கடல பாத்துச் சொல்லணும், அவ்ளோதானே? தெனம் விடியக்கால ஃபஜ்ரு தொழுதுட்டு வண்டிய எடுத்துனு போறேன். நம்ம ராஜேந்திரன் ஊருதான் அது."

ராஜேந்திரன் அந்த ஊர் மீனவர். படகுக்கு நைலான் கயிறும் பெயிண்டும் மச்சான் கடையில்தான் வாங்குவார்.

முதல் வீடியோ வந்தது. அதில் மச்சானின் முகம் முக்கால்வாசி, கடல் கால்வாசி. அதுவும் தூரத்தில் ஒரு நீலக் கோடு.

"மாமா, பக்கத்துல போ" என்று நஸ்ரின் குரல் செய்தி அனுப்பினாள்.

"இங்கேர்ந்தே நல்லாத் தெரியுதுடா" என்று பதில் வந்தது.

அலை என்ன உயரம் என்று கேட்டாள். அடிக்கணக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த அளவையைக் கண்டுபிடித்தார். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்.

"இன்னைக்கு ரெண்டு பக்கெட்டுடா நஸ்ரின். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எவ்ளோ வருமோ அவ்ளோ."

காற்றுக்கும் வழி கண்டார். கடலைப் பார்த்து நின்றுகொண்டு லுங்கி எந்தப் பக்கம் பறக்கிறது என்று சொல்வார். "லுங்கி முன்னால பறக்குது" என்றால் நிலக்காற்று, நல்லது. "பின்னால பறக்குது" என்றால் கடல்காற்று, வேலைக்காகாது. எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தேதி, நேரம், எத்தனை பக்கெட், லுங்கி முன்னாலா பின்னாலா. என் மகள் தன் கையால் 'லுங்கி' என்று தமிழில் எழுதக் கற்றுக்கொண்டாள். சபியா அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள்.

"மாமா ஏன் கடல்கிட்ட போகவே மாட்டேங்குறாரு?" என்று ஒருநாள் நஸ்ரின் கேட்டாள்.

சொன்னேன். சுனாமி அன்று நான் சிதம்பரத்தில் இருந்தேன். செய்தி கேட்டதும் மச்சான் கடை டெம்போவை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். காலையிலிருந்து மாலைவரை ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்கும் ஓட்டினார். யாரை ஏற்றினார், எப்படி ஏற்றினார் என்று அக்காவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. அதற்கப்புறம் அவர் கால் கடலில் பட்டதில்லை. அன்றிலிருந்து நஸ்ரின் அவரைப் பக்கத்தில் போகச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

4

காகித வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளிநாட்டு வாழ்க்கைக் குறிப்பு முழுமையாகாது. கடலில் இறங்க அனுமதி வேண்டுமோ என்னவோ என்று மூன்று அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம், எதையும் எழுதிக் கேட்டால்தான் தூக்கம் வரும். ஒரு பதிலும் வரவில்லை. மச்சானிடம் புலம்பினேன்.

"யார கேட்ட?"

சொன்னேன்.

"அட போ மாப்ள. கடலு அந்த ஊருக்காரங்களுது. அவுங்கள கேக்காம ஆபீசரக் கேட்டா? நான் போயி ஊர்ப் பெரியவங்களாண்ட ஒக்காந்து டீ குடிச்சிட்டு கேட்டுட்டு வந்துட்டேன். தாராளமா வரட்டும், நம்ம புள்ள தானேன்னுட்டாங்க."

அடுத்தது பலகை. ஆறடி நீளப் பையைச் சென்னை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி தட்டிப் பார்த்தார். "இன்னாங்க இது, இஸ்திரி போடுற டேபிளா?" நான் பலகையின் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். நஸ்ரின் குறுக்கே புகுந்து, "அங்கிள், நீ பாரு" என்று அங்கேயே தரையில் குப்புறப் படுத்து, கையால் இரண்டு இழு இழுத்து, டக்கென்று எழுந்து நின்று காட்டினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார். எனக்கு மானம் போனது, ஆனால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

சிதம்பரத்தில் இரண்டு நாள். நான் படித்த அண்ணாமலை நகரைச் சுற்றிக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினாள். கண் முழுக்கக் கைபேசியில் இருந்த அலைக் கணிப்பில். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இருந்தாலும் வந்திருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். எங்களைப் பார்க்கச் சிதம்பரம் வந்திருந்த அக்கா ஆடை விஷயத்தில் சண்டை போடுவாளோ என்றுதான் பயந்தேன். நஸ்ரின் தன் கடல் உடையை எடுத்துக் காட்டினாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை, முழுக்கை.

"இவ்ளோ மூடியா இருக்கு? என் சுடிதாரே இவ்ளோ மூடாது" என்றாள் அக்கா. முடிந்தது.

வெள்ளிக்கிழமை மச்சானிடமிருந்து செய்தி: "நாளைக்கு நாலு பக்கெட். லுங்கி முன்னால. வந்துருங்க." பதிலுக்கு நான் கடைசியாக ஒரு தடவை சொன்னேன்: "மச்சான், ஆள் இல்லாத இடமா இருக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கா."

"எனக்கு வுட்டுடு மாப்ள. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

5

அக்காவும் மச்சானும் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். நானும் சபியாவும் நஸ்ரினும் சவுக்குத் தோப்பு தாண்டி வேனிலிருந்து இறங்கினோம்.

முதலில் ஷாமியானா தெரிந்தது. கல்யாணத்துக்குப் போடுவது போல, சிவப்பும் மஞ்சளுமாக. அதன்கீழே நாற்காலிகள். பாயில் எங்கள் சொந்தம் பூரா. பழைய டவுனிலிருந்து, சிதம்பரத்திலிருந்து, பரங்கிப்பேட்டையிலிருந்து. மீனவ ஊரிலிருந்து பதினைந்து பேர். தோப்பு ஓரத்தில் கல் கூட்டி, ஐந்து கிலோ பிரியாணிக்குத் தேக்சா ஏற்றியாகிவிட்டது. அக்கா பெரிய பச்சைக் குடை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்ட் கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்தது, நாலு பேர் நிற்கலாம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நஸ்ரினைத் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒருத்தரும் இல்லாத கடற்கரை தேடி வந்த பிள்ளைக்கு நாங்கள் நாற்பது பேரைக் கூட்டி வைத்திருக்கிறோம். இனிமேல் இவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா?

அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "தண்ணில யாரும் இல்லல்ல?" என்றாள். பலகையை இடுக்கிக்கொண்டு நடந்தாள். போகிற போக்கில், "அந்தப் பச்சைக் குடைதான் என் மார்க்" என்றாள். கடலுக்குள் இருப்பவர்களுக்கு நீரோட்டம் இழுப்பது தெரியாதாம். கரையில் ஒரு பொருளைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அதற்கு நேராக இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். சிட்னிப் பக்கம் எங்கள் ஊரில் அது கடற்கரைக் கொடிக்கம்பம். இங்கே கம்பம் இல்லாததால் குடை.

இதை என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கிருந்த கோபத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேரே மச்சானிடம் போனேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும், பாதி மரியாதை அதிலேயே போய்விடும்.

"ஆள் இல்லாத இடம்னு எத்தினி தடவ சொன்னேன்? ஷாமியானா வேறயா? கச்சேரி ஒண்ணுதான் பாக்கி!"

"ஆள் இல்லாத எடத்துல புள்ளய கடல்ல எறக்கி வுட்டுட்டு நான் எப்பிடி மாப்ள நிப்பேன்?" என்றார்.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கடையிலிருந்து கொண்டுவந்த புது நைலான் கயிறு, ஒரு சுருள், அப்படியே பிரிக்காமல். மார்போடு பிடித்திருந்தார். ஷாமியானாவைத் தாண்டி அவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

6

நஸ்ரின் முதல் அலையைப் பிடித்ததும் கரையில் எழுந்த சத்தம் சிதம்பரத்துக்குக் கேட்டிருக்கும். "நிக்குறா பாரு! நிக்குறா பாரு!" சித்தி ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

நாலைந்து அலை போயிருக்கும். ராஜேந்திரன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"பாய், பாப்பா வடக்கால நகருது. நீரோட்டம் இருக்குது. பயம் ஒண்ணும் இல்ல, ஆனா கத்துனா கேக்காது. நம்மளும் கூடவே நடந்துடுவோம்."

மச்சான் கயிற்றோடு நடக்க ஆரம்பித்தார். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அக்கா குடையோடு பின்னால் போனாள். வெயில் ஏறிவிட்டதால் குடைக்குக் கீழே நாலு பேர் ஒண்டிக்கொண்டார்கள். அவர்கள் போனதும் மற்றவர்கள் எழுந்தார்கள். பாய் சுருட்டப்பட்டது. நாற்காலிகள் தலைமேல் ஏறின. சமையல்காரர் மட்டும் கத்தினார்.

"பிரியாணிய இன்னா பண்றது? தம்முல இருக்கு!"

"நீ அங்கயே இரு!"

நாற்பது பேர் கடற்கரையோரம் வரிசையாக நடந்தோம். அவள் ஒரு அலை பிடித்தால் நாங்கள் நிற்போம், கத்துவோம். அவள் திரும்ப உள்ளே போனால் நாங்கள் திரும்ப நடப்போம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். எனக்கு எப்போது சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை.

கடைசி அலையில் அவள் கரைவரை வந்து விழுந்தாள். நுரைக்குள் ஒரு கணம் தலை தெரியவில்லை. தண்ணீர் தெறிக்க யாரோ ஓடினார்கள். பார்த்தால் மச்சான். தொடையளவுத் தண்ணீரில், ஒரு கையில் கயிறு, மறு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்து, பேசாதே என்று தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

நஸ்ரினுக்கு மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அத்தா, இங்க தண்ணி இழுக்கவே இல்ல! நான் நகரவே இல்ல. எப்பப் பாத்தாலும் குடை எனக்கு நேராவே இருந்துச்சு!"

நான் அக்கா கையிலிருந்த குடையைப் பார்த்தேன். அவள் சுற்றிப் பார்த்தாள்.

"வேன் எங்க? டென்ட் எங்க?"

ராஜேந்திரன் தெற்கே கையைக் காட்டினார். ஷாமியானா தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், தலையில் நாற்காலியோடு நின்ற எல்லோரையும் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் நடந்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு மாமி?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நீ போனியேம்மா" என்றாள்.

நஸ்ரின் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதையும் நான் அங்கேயே சொல்லிக் காட்டவில்லை. அவ்வளவு புத்தி எனக்கும் உண்டு.

திரும்பி நடக்கும்போது பலகையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் பிரியாணியை நினைத்து வேகமாக முன்னால் போய்விட்டார்கள்.

"அன்னைக்கு அந்த ஆள் உன்னப் பாத்துக் கத்துனத நான் பாத்தேன்டா. கார்லேர்ந்து எறங்கி வந்திருக்கணும். வரல" என்றேன்.

"தெரியும் அத்தா" என்றாள். "டீ குடிச்சிட்டு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

7

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர்சாதனப் பெட்டித் தாள் இன்னும் இருக்கிறது. மச்சான் இப்போதும் தினம் காலையில் செய்தி அனுப்புகிறார், யாரும் கேட்காமலே. வீடியோவில் இப்போது முகம் கால்வாசிதான். நேற்று கால்விரல் நனைந்திருந்தது.

இன்று சனிக்கிழமை. அதே கடற்கரை, அதே கூட்டம். அந்த ஆளும் இருந்தான். நஸ்ரின் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பிளாஸ்கைத் திறந்தேன், மூடினேன். அக்கா வம்பு பண்ணிப் பலகைப் பையில் திணித்து அனுப்பிய பச்சைக் குடை பின் இருக்கையில் கிடந்தது. விமான நிலையத்தில் அதற்கு வேறு தனிக் கதை.

கதவைத் திறந்து இறங்கினேன். குளிர் எலும்பைக் குடைந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் தண்ணீர் ஓரத்தில் போய் நின்று குடையை விரித்தேன். நாயோடு நடக்க வந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும். உள்ளே பலகை மேல் உட்கார்ந்திருந்த நஸ்ரின் கரைப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். அப்புறம் கொடிக்கம்பத்தை விட்டுவிட்டு எனக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் நீரோட்டம் அவளை வடக்கே இழுக்க ஆரம்பித்தது. நானும் நடக்க ஆரம்பித்தேன்.